கதவு வைக்காத வீடு

பழுகாமம்
19.10.1961

கர்த்தர் வருகிறார்!

அன்புள்ள செசீலியாவுக்கு உன் கணவன் மத்தேயு எழுதுவது. நான் சுகம். நீயும் மகள் பீற்றிஸும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

ஜெபக்கூடத்துக் கதவு வேலை முடிந்துவிட்டது. இரட்டைக் கதவு, முழுக்க முதிரைப் பலகை. சாத்தினால் வெளிச்சத்தம் ஒரு பொட்டும் உள்ளே வராது. சபையை நடத்தும் நல்லரத்தினம் ஐயா கையால் தடவிப் பார்த்துவிட்டு, "மத்தேயு, வேற ஓடாவி ஆரும் இப்பிடிச் செய்வானா? ஜெபிச்சுச் செய்ததாலதான் இது இப்பிடி வந்திருக்கு" என்றார். பதினைந்து வருடமாக ஊர் ஊராகப் போய் மரவேலை செய்கிறேன், ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

வேலை முடிந்தும் ஏன் வரவில்லை என்று கேட்பாய். கோபப்படாமல் வாசி. ஐயா வேதத்திலுள்ள நாள்களை எண்ணி எங்களுக்கு விளக்கினார். ஆண்டவர் நியாயந்தீர்க்க வரும் நாள் இந்த டிசம்பர் பத்தாம் திகதி. அதற்கு முந்திய நாற்பது நாளும் நாங்கள் விழித்திருந்து உபவாசமும் ஜெபமுமாக இருப்போம். நவம்பர் முதலாம் திகதி கதவு சாத்தப்படும். வெளியாட்களோடு பேச்சு இல்லை. வரும் கடிதங்களை உடைப்பதும் இல்லை. எல்லாம் ஒரு பெட்டிக்குள் போடப்படும். உலகச் செய்தி ஒன்றும் எங்கள் மனதைக் கலைக்கக்கூடாது என்பதற்காக.

செசீலியா, நம் மகனை நினைத்துப் பார். செத்துப் பிறந்தான், ஞானஸ்நானம் இல்லை என்று சேமக்காலை வேலிக்கு வெளியே புதைத்தார்கள். அந்தச் சின்னப் பெட்டியை நான்தான் செய்தேன். மூன்று வருடமாக ஆணி அடிக்கும்போதெல்லாம் அவன் ஞாபகம் வருகிறது. ஐயா சொன்னார்: "அந்த நாளில உன்ட புள்ள எழும்புவான். உன்ட கையிலதான் தருவார்." இதை எனக்கு வேறு யார் சொன்னார்கள்?

முதலாம் திகதிக்கு முன் பீற்றிஸையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. தோணித்துறையில் வந்து நிற்பேன். வீட்டுக் கதவைப் பற்றி யோசிக்காதே. இனி அது தேவைப்படாது.

மத்தேயு


சேசு மரி சூசை

தன்னாமுனை
25.10.1961

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை வரவில்லை.

பத்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குச் சோறு காய்ச்சட்டா, விடட்டா? அதையும் உங்கள் ஐயாவிடம் கேட்டு எழுதுங்கள். பங்குச் சுவாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "அந்த நாள் வானத்துச் சம்மனசுகளுக்கே தெரியாது எண்டு ஆண்டவர் சொல்லியிருக்கார். பழுகாமத்தாருக்கு மட்டும் தெரியுமாமோ?" என்றார். பிறகு, "மத்தேயு நல்லவன், மனம் நொந்துபோனவன், பக்குவமா எழுது" என்றும் சொன்னார். பக்குவமாக எழுத எனக்கு எங்கே வருகிறது?

மழை தொடங்கிவிட்டது. ஊராருக்கெல்லாம் கதவு போட்டுக் கொடுக்கும் ஓடாவியின் வீட்டு வாசலில் ஓலைத் தட்டி. நேற்றுக் காற்றுக்கு அது விழுந்து, சாரல் அடுப்படி வரை வந்தது. நம் வீட்டுக் கதவுக்கென்று நீங்கள் சீவி வைத்த முதிரைப் பலகைகளைச் சாக்கால் மூடித் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். பீற்றிஸை அந்தப் பலகையோடு நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, "கதவுக் கொண்டி இவ்வளவு உயரத்தில இருந்தாத்தான் என்ட கிளிக்கு எட்டும்" என்று பென்சிலால் கோடு போட்டீர்களே, அந்தக் கோட்டைத் தினமும் போய்ப் பார்க்கிறாள். தான் அதைவிட வளர்ந்துவிட்டாளாம். அப்பா வந்து புதுக்கோடு போடவேண்டுமாம்.

மகனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவனைப் பெற்றது நான். வேலிக்கு வெளியே அவனை விட்டுவிட்டு வந்த அன்றைக்கு உங்களுக்குப் பெட்டி செய்யவாவது கைவேலை இருந்தது. நானோ பால் கட்டி, மார்பில் துணி சுற்றிக்கொண்டு கிடந்தேன். அவனுக்காக நானும்தான் காத்திருக்கிறேன், மச்சான். ஆனால் உயிரோடு இருக்கிறவளுக்குச் சோறு போட்டுக்கொண்டு காத்திருக்கிறேன்.

நான் வரமாட்டேன். டிசம்பர் எட்டாம் திகதி, மாதா திருநாளில் பீற்றிஸுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். வெள்ளைச் சட்டை தைக்கிறேன். ஆண்டவர் பத்தாம் திகதி வருவதானாலும் நீங்கள் எட்டாம் திகதிக்கு வந்துவிடுங்கள்.

செசீலியா


பழுகாமம்
30.10.1961

கர்த்தர் வருகிறார்!

அன்புள்ள செசீலியாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்து அழுதேன். நான் உன்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போனவன் அல்ல. உங்களுக்காகத்தான் முன்னால் போய் நிற்கிறேன். திருடன் வரும் வேளை தெரிந்தால் வீட்டுக்காரன் தூங்குவானா? அப்படித்தான் அவரும் வருவார். வரும் வேளையில் என்னை விழித்திருக்கக் கண்டாரானால், என் வீட்டாருக்காக அவர் காலைப் பிடிப்பேன்.

இதுதான் கடைசிக் கடிதம். நாளை மறுநாள் கதவு சாத்தப்படும். கடிதப் பெட்டி பூட்டியிருக்கும், திறப்பு ஐயாவிடம் இருக்கும். நீ எழுதினாலும் வாசிக்கமாட்டேன், என்மேல் கோபம் வேண்டாம். இந்த நாற்பது நாளில் வீட்டிலிருந்து வரும் எந்தச் சத்தமும் பிசாசின் கண்ணியாக இருக்கலாம் என்று ஐயா எச்சரித்திருக்கிறார்.

பீற்றிஸிடம் சொல், அப்பா தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று.

மத்தேயு


சேசு மரி சூசை

தன்னாமுனை
14.11.1961

மச்சான்,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல்.

போன திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நனைந்துவிட்டு வந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். இன்றைக்கு ஒன்பதாம் நாள். இறங்குவது மாதிரி இருந்து பின்னேரம் ஏறுகிறது. நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறது. தட்டி இடுக்கால் ஈரக்காற்று வருகிறது என்று கட்டிலை அடுப்படிக்குள் இழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஞானோபதேசப் பாடத்தைக் காய்ச்சலோடு பாடமாக்குகிறாள். நேற்று, "அம்மா, தனித்தீர்வை எண்டா என்ன?" என்றாள். ஒவ்வொருவரும் சாகும்போது ஆண்டவர் அவரிடம் தனியாகக் கணக்குக் கேட்பார் என்றேன். "அப்ப பொதுத்தீர்வை?" உலகம் முடியும்போது எல்லாருக்கும் முன்னால் என்றேன். "அப்பா பார்த்துக்கொண்டு இருக்கிறது எது?" என்று கேட்டாள். பொதுத்தீர்வை என்றேன். "அது வரமுந்தி அப்பாக்கு ஒருக்கா வந்திட்டுப் போகலாமே" என்கிறாள்.

கடித உறையின் வெளியிலும் 'பிள்ளைக்குச் சுகமில்லை' என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். உடைக்காமலே வாசிக்கலாம்.

செசீலியா


சேசு மரி சூசை

மட்டக்களப்பு
பெரியாஸ்பத்திரி
21.11.1961

மச்சான்,

டைபொயிட், நெருப்புக் காய்ச்சல் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பிள்ளை பிதற்றத் தொடங்கினாள். என்னிடம் பாய் வாங்கும் ஏறாவூர் கைறுன்னிஸா அந்த நேரம் பார்த்து வந்தாள். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தவள் பாயைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அரை மணித்தியாலத்தில் அவளுடைய புருஷன் ஹமீட் வாடகைக் காரோடு வந்து நின்றார். அவர்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். தூக்கியிருக்கவேண்டிய நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

வெள்ளிக்கிழமையே உங்களுக்குத் தந்தி அடித்தேன். பதில் இல்லை. தந்தியும் பெட்டிக்குள்தானா?

கைறுன்னிஸா ஒவ்வொரு நாளும் வருகிறாள். என்னை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரச் சொல்லி, தான் கட்டிலடியில் இருக்கிறாள். பீற்றிஸ் தெளிவாக இருக்கும் நேரம் ஒரு கடிதம் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, பத்தாந் திகதி சேசுசாமி வரக்குள்ள முதல்ல பழுகாமத்துக்குத்தான் வருவாரா? அங்க இருந்து இஞ்சால வர தோணி வேணும். அவர் தண்ணியில நடப்பார். உங்களுக்கு நீந்தவும் தெரியாது. அதால நீங்க முந்தியே வெளிக்கிட்டு வாங்க. எனக்குத் தலையிடிக்கிது. கைறுன்னிஸா மாமி தோடம்பழம் கொண்டு வாறா. நான் முழுக்கத் தின்னல்ல, தம்பி வந்தா குடுக்க ரெண்டு வெச்சிருக்கன். வந்து கதவைப் போடுங்க. அம்மா ராவில பயப்பிடுறா. எனக்குப் பயமில்ல."

வியாழக்கிழமை பேர்னாட் அண்ணனை அனுப்புகிறேன். உங்கள் ஐயா என்ன சொன்னாலும் அவரோடு வந்துவிடுங்கள்.

செசீலியா


மட்டக்களப்பு
26.11.1961

மச்சான்,

பேர்னாட் அண்ணன் வந்துவிட்டார். தனியாக வந்தார்.

கதவில் அடித்து அடித்துக் கை வீங்கியிருக்கிறது. "உள்ளுக்குப் பாட்டுச் சத்தம் கேக்குது தங்கச்சி. நான் கத்தக் கத்த அவங்க இன்னும் பெலத்துப் பாடுறாங்க. ஒருத்தனும் எட்டிப் பாக்கல்ல" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து அழுதார். எங்கள் அம்மா செத்ததற்கும் அழாத மனிதர்.

நீங்கள் உள்ளே இருந்தீர்களா? அண்ணன் குரல் உங்களுக்குக் கேட்டதா? கேட்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைக்காவிட்டால் என்னால் நிற்க முடியாது.

இன்றைக்குப் பூசையில் உலக முடிவைப் பற்றிய சுவிசேஷம். என்னால் போக முடியவில்லை. பிள்ளைக்கு வயிற்றால் இரத்தம் போகிறது. சுவாமியார் வந்து படுக்கையிலேயே அவளுக்கு நன்மை கொடுத்து, நெற்றியில் எண்ணெய் தடவி அவஸ்தைப் பூசுதலும் கொடுத்தார். எட்டாம் திகதி வாங்கவேண்டிய நன்மை. நாக்கை நீட்ட முடியவில்லை அவளுக்கு. நீட்டினாள்.

எனக்கு உங்களோடு ஒரு பகையும் இல்லை மச்சான். எழுதிய குத்தல் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். நீங்கள் எந்தச் சபைக்கும் போங்கள், எந்தத் திகதியையும் நம்புங்கள், நான் வாய் திறக்கமாட்டேன். இப்போது மட்டும் வாருங்கள். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

செசீலியா


தன்னாமுனை
3.12.1961

மச்சான்,

பீற்றிஸ் போய்விட்டாள். வியாழக்கிழமை காலை, ஆறரை மணி இருக்கும்.

இதையும் நீங்கள் வாசிக்கப் போவதில்லை. ஆனாலும் வேறு யாருக்கு எழுதுவேன்? அவளைப் பெற்றவர்கள் நாம் இரண்டு பேர்தானே.

ஆற்றில் வெள்ளம், தோணி ஓடவில்லை. பேர்னாட் அண்ணன், "ஓடினாலும் இனி அந்தக் கதவடிக்குப் போகமாட்டன்" என்றார். நானும் போகச் சொல்லவில்லை.

பெட்டி செய்ய ஆள் தேடினோம். ஊரில் பெட்டி செய்கிறவர் நீங்கள் ஒருவர்தான். கைறுன்னிஸாவின் வாப்பா அப்துல் கபூர் காக்கா உளியும் வாளும் எடுத்துக்கொண்டு வந்தார். அலுமாரி செய்கிற மனிதர். வந்து முற்றத்தில் நின்று, "மகள், எங்கட ஆக்களுக்குப் பெட்டி இல்ல. நான் ஒரு நாளும் செய்ததில்ல. எப்பிடிச் செய்யிற எண்டு சொல்லித் தாங்க" என்றார். அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். தலைமாட்டில் எவ்வளவு அகலம், கால்மாட்டில் எவ்வளவு என்று. நீங்கள் நம் மகனுக்குச் செய்யும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவள்தானே நான்.

பலகைக்கு எங்கே போவது? தாழ்வாரத்தில் சாக்கை விலக்கிக் காட்டினேன். சீவி வைத்த முதிரை. அவர் பலகையைத் திருப்பிப் பார்த்தார். உங்கள் பென்சில் கோடும் பக்கத்தில் 'பீற்றிஸ்' என்று எழுதியதும் இருந்தது. மற்ற இடமெல்லாம் சீவினார், அந்த இடத்தில் மட்டும் சீவுளி வைக்கவில்லை. அது உள்பக்கம் வரும்படி பூட்டினார். அலுமாரிக்குப் பூட்டுகிற மாதிரி, ஆணி தெரியாமல்.

வெள்ளைச் சட்டை போட்டோம். அவள் கை எட்டும் உயரத்துக்கு நீங்கள் போட்ட கோடு அவள் பக்கத்தில்தான் இருக்கிறது.

தலையணைக்குக் கீழே இரண்டு தோடம்பழம் இருந்தன. வாடிவிட்டன. எறிய மனம் வரவில்லை.

செசீலியா


பழுகாமம்
12.12.1961

செசீலியா,

இந்தக் கடிதத்தின் தலையில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் திகதி விடிந்தது, மங்கியது. நாங்கள் முழந்தாளில் இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை பால்காரன் வந்து மணியடித்தான். அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. ஐயா பெட்டியைத் திறந்து கவிழ்த்துவிட்டுச் சுவரோடு போய் இருந்துவிட்டார். அவருடைய தாயின் கடிதங்களும் மூன்று அதற்குள் கிடந்தன. தபாலை வாங்கும்போது முகவரியைக்கூடப் பார்ப்பதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தாராம். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் இல்லை.

உன் கடிதங்களைத் திகதிப்படி அடுக்கி வாசித்தேன். மூன்றாவது கடிதம்வரை, இன்றைக்கே ஓடினால் பிள்ளையைப் பார்க்கலாம் என்றுதான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. நாலாவதை உடைத்தேன்.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தாய். நான் அப்படியே விட்டிருக்கலாம். விட்டால் பொதுத்தீர்வையில் எல்லாருக்கும் முன்னால் நீ அதைக் கேட்பாய். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கேட்டது, செசீலியா. சத்தம் வராது என்று பெருமையாக எழுதிய கதவுதான், ஆனாலும் கேட்டது. பேர்னாட்டின் குரல் எனக்குத் தெரியாதா? "மத்தேயு, புள்ளைக்கு..." என்பது வரைக்கும் கேட்டது. அவ்வளவு கேட்டதும் எனக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. எழும்பினேன். மூன்றடி நடந்தேன். இது கண்ணி, இப்போது திறந்தால் மகனையும் இழப்பாய் என்று என் மனமே சொன்னது. ஒருவரும் என்னைப் பிடிக்கவில்லை. திரும்பிப் போய் முழந்தாளிட்டு, பேர்னாட்டின் சத்தம் கேட்காதபடி, எல்லாரையும்விடப் பெலத்துப் பாடினவன் நான்தான்.

திருடனைப் போல வருவார் என்று உனக்குப் பாடம் எடுத்தேன். வந்துதான் இருக்கிறார். நான் செய்த கதவை நின்று தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். எனக்கு இனித் தீர்வை நாள் என்று தனியாக ஒன்று தேவையில்லை. இருபத்துமூன்றாம் திகதி வியாழக்கிழமையே அது முடிந்துவிட்டது.

செத்த பிள்ளையைக் கையில் வாங்கப் போய், உயிரோடு இருந்தவளை விட்டுவிட்டேன். அவளுக்கு இருந்த புத்திகூட எனக்கு இருக்கவில்லை. முந்தியே வெளிக்கிட்டு வாருங்கள் என்று எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் வேறெங்காவது போய்விடுவேன். உன் பதில் வரும்வரை தோணித்துறை மடத்தில் இருப்பேன். இந்த முறை கடிதத்தைத் தபால்காரன் கையிலிருந்து நானே வாங்குவேன்.

மத்தேயு


சேசு மரி சூசை

தன்னாமுனை
17.12.1961

மச்சான்,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள். முதல் நாள் அதை அடுப்பில் போடப் போனேன். கைறுன்னிஸா கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கட ஆக்கள் கடுதாசிய வாசிக்காம வெச்சுப் பட்டது போதாதா?" என்றாள். பிறகுதான் உடைத்து வாசித்தேன்.

நீங்கள் பொய் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன், உங்களை எளிதாக மன்னித்துமிருப்பேன். இப்போது அது எளிதில்லை. கேட்டும் வராத மனிதரை எப்படி மன்னிப்பது என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. வாருங்கள் என்று எழுத என் கை வரவில்லை. வரவேண்டாம் என்று எழுதிப் பார்த்தேன், அதற்கும் வரவில்லை.

பேர்னாட் அண்ணன் உங்களோடு பேசமாட்டார். அவரைக் கட்டாயப்படுத்த என்னால் முடியாது.

முப்பதாம் திகதி பீற்றிஸின் முப்பத்தோராம் நாள் பூசை. மண்ணுக்கு மேல் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை. அப்துல் கபூர் காக்கா மிஞ்சின ஒரு பலகையைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். அதில் இரண்டு சிலுவை வரும், அளந்து பார்த்தேன். பெரியது பீற்றிஸுக்கு. சின்னது வேலிக்கு வெளியே இருக்கிறவனுக்கு. அங்கே வைக்கலாமா என்று சுவாமியாரிடம் கேட்டேன். அவர், "வை மகள், ஆர் கேட்டாலும் நான் சொன்னதெண்டு சொல்லு" என்றார். இதை வேறொருவர் செய்ய நான் விடமாட்டேன். உளியைக் கொண்டுவாருங்கள்.

நீங்கள் வந்து முற்றத்தில் நின்று கூப்பிடவேண்டாம். கூப்பிட்டால் நானும் கேட்காத மாதிரி இருந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பாவம் நம் வீட்டில் ஒருவரோடு போகட்டும்.

வாசலில் இன்னும் அதே ஓலைத் தட்டிதான். பூட்டுமில்லை, கொண்டியுமில்லை. தட்டியை விலக்கிக்கொண்டு நீங்களாகவே உள்ளே வாருங்கள். நான் எழும்பி வரமாட்டேன். அடுப்படியில்தான் இருப்பேன்.

செசீலியா